அதிகாரத்துக்கு மூக்கணாங்கயிறு: ரோமக் குடியரசின் நடைமுறைகள் இன்றைக்குச் சொல்வது

நல்ல எஜமானிடம் இருக்கும் அடிமை சுதந்திரமானவனா? இல்லை என்பதுதான் ரோமர்களின் விடை. அவன் அடிபடாமல் இருக்கலாம், வயிறார உண்ணலாம், எஜமான் ஊரில் இல்லாத நாளில் இஷ்டம்போலத் திரியலாம். ஆனால் அத்தனையும் இன்னொருவர் மனம் வைத்ததால் கிடைத்தவை. அந்த மனம் நாளைக்கு மாறினால் அவனுக்குக் கேட்க நாதியில்லை. ஆகவே 'லிபெர்தாஸ்' என்று ரோமர்கள் சொன்ன சுதந்திரம், யாருடைய தயவிலும் வாழாத நிலை. ஆள்பவர் நல்லவர் என்பதால் குடிமகன் சுதந்திரமானவன் ஆகிவிடுவதில்லை. அவர் கெட்டவராக மாறினாலும் தன்மீது கைவைக்க முடியாது என்ற உறுதி இருந்தால்தான் அவன் சுதந்திரமானவன்.

ரோமிடமிருந்து இன்றைக்குக் கற்க வேண்டியதைப் பேசும்போது பலர் வீரம், ஒழுக்கம், தியாகம் என்று தொடங்கிவிடுகிறார்கள். ரோம வரலாற்றாசிரியர்களே அப்படித்தான் எழுதினார்கள். ஆடம்பரம் புகுந்தது, ஒழுக்கம் கெட்டது, குடியரசு விழுந்தது என்று. படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் எதையும் சரிசெய்ய முடியாது. ரோமர்களின் அரசியல் சிந்தனையில் உண்மையில் கூர்மையானது அவர்களுடைய நடைமுறை விதிகளில் இருக்கிறது. ஒவ்வொரு பதவியைப் பற்றியும் அவர்கள் நான்கு கேள்விகள் கேட்டார்கள். எத்தனை நாளைக்கு? கூட யார்? தடுக்கக்கூடியவர் யார்? முடிந்தபின் கணக்குக் கேட்பவர் யார்?

மரபுப்படி கி.மு. 509இல் மன்னரை விரட்டியதும் அவருடைய அதிகாரத்தை அவர்கள் பெரிதாகக் குறைக்கவில்லை. அதைக் கான்சல்கள் என்ற இரண்டு பேரிடம் கொடுத்தார்கள். ஓர் ஆண்டுக்கு மட்டும். ஒரு கான்சல் இட்ட உத்தரவை மற்றவர் தடுக்கலாம். மரண தண்டனை விதிக்கப்பட்ட குடிமகன் மக்கள் மன்றத்திடம் முறையிடலாம். கி.மு. 494இல், கடன் சுமையில் நசுங்கிய சாமானியர்கள் நகரைவிட்டு வெளியேறிப் புனிதக் குன்றில் உட்கார்ந்தபோது அதிகாரிகளைத் தடுத்துச் சாமானியர்களைக் காக்கும் டிரிப்யூன் பதவி பிறந்தது. முதலில் சில பேர், பிறகு பத்துப் பேர். டிரிப்யூனிடம் படையில்லை. அவர்மீது கைவைப்பவரைக் கொல்லலாம் என்று சாமானியர்கள் கூடி எடுத்த சத்தியம்தான் அவருக்குப் பாதுகாப்பு. ஓர் இரவுகூட அவர் நகரைவிட்டு வெளியே தங்கக்கூடாது. அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே இருக்கவேண்டும். அதிகாரியிடம் அகப்பட்டவன் நடுராத்திரியில் ஓடிவந்தால் கதவைத் தட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. குறைதீர்ப்பு அமைப்பு எதுவானாலும் அதை இந்த அளவுகோலால் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதன் அதிகாரம் எவ்வளவு என்பதற்கு முன்னால், பாதிக்கப்பட்டவர் தேவைப்பட்ட நேரத்தில் அதை அடைய முடிகிறதா என்று கேட்கவேண்டும்.

வாக்கும் காசும்

ரோமில் நீண்டகாலம் வாக்கு வாய்மொழியாகவே இருந்தது. வாக்காளர் வரிசையில் வந்து பெயரைச் சொல்வார். வாக்குக் கேட்பவர் பலகையில் ஒரு புள்ளி வைப்பார். பண்ணையார், கடன் கொடுத்தவர், போர்க்களத்தில் தளபதியாக இருந்தவர் எல்லோரும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம். இதை மாற்ற நான்கு சட்டங்கள் தேவைப்பட்டன: கி.மு. 139இல் தேர்தலுக்கு, 137இல் மக்கள் மன்ற விசாரணைகளுக்கு, 131இல் சட்டமியற்றுவதற்கு, 107இல் அதுவரை விட்டுவைக்கப்பட்டிருந்த தேசத்துரோக வழக்குகளுக்கு. மெழுகு பூசிய சிறு மரப்பலகையில் எழுதி, ஒரு மரப்பாலத்தில் ஏறி நடந்து, பெட்டியில் போடவேண்டும்.

ஆனால் பாலம் அகலமாக இருந்தது. ஆட்கள் அதன்மேலேயே நின்றுகொண்டு பலகையை எட்டிப் பார்த்தார்கள். கி.மு. 119இல் டிரிப்யூனாக இருந்த மாரியஸ் பாலத்தைக் குறுகலாக்கச் சட்டம் கொண்டுவந்தார். கான்சல் எதிர்த்தபோது சிறையில் அடைப்பேன் என்று மிரட்டியே அதை நிறைவேற்றினார். ஒரு பாலத்தின் அகலத்துக்கு இத்தனை சண்டையா என்று தோன்றலாம். ஆனால் ரகசிய வாக்கு என்ற உரிமை அந்தப் பாலத்தின் அகலத்தில்தான் இருந்தது. இன்றைய வாக்குச்சாவடியில் மறைப்புத் தட்டியின் உயரத்தையும், முகவர்கள் உட்காரும் இடத்தையும், வாசலுக்கும் கட்சிப் பந்தலுக்கும் இடையே உள்ள தூரத்தையும் விதியில் எழுதிவைப்பதும் இதே காரணத்தால்தான்.

நீதிமன்றத்தில் இன்னும் நுணுக்கம். மாகாண மக்களிடம் கொள்ளையடித்த அதிகாரிகளை விசாரிக்க, டிரிப்யூன் கயஸ் கிராக்கஸ் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம் வெண்கலத் தகட்டில் துண்டுதுண்டாகக் கிடைத்திருக்கிறது. நான்கு விரல் நீளப் பலகை. ஒரு பக்கம் விடுதலைக்கான எழுத்து, மறுபக்கம் தண்டனைக்கான எழுத்து. நடுவர் வேண்டாததை அழித்துவிட்டு, எழுத்தை விரல்களால் மூடிக்கொண்டு, கையை மேலாடைக்குள் மறைக்காமல் எல்லோரும் பார்க்கக் கொண்டுபோய்க் குடத்தில் போடவேண்டும். என்ன வாக்கு என்பது யாருக்கும் தெரியக்கூடாது; ஒரே ஒரு வாக்குத்தான் விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியவேண்டும். இன்றைய தேர்தல் அதிகாரிக்கும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித்தர முடியாது.

ரகசிய வாக்கு வந்ததும் மிரட்டல் குறைந்தது, லஞ்சம் உருமாறியது. வாக்கு யாருக்கு விழுந்தது என்று பார்க்க முடியாதபோது காசு கொடுத்தவர் எதை நம்புவார்? அதற்கும் வழி கண்டார்கள். தொகுதிபோல் இருந்த ஒவ்வொரு 'டிரிபு'வுக்கும் பணம் பங்கிடும் தரகர்கள் இருந்தார்கள். தேர்தல் முடியும்வரை பணத்தைக் கையில் வைத்திருக்கும் இடையாட்கள் வேறு. வென்றால்தான் பட்டுவாடா. தனி ஆளின் வாக்கு தெரியாவிட்டாலும் அந்தக் குழுவின் மொத்த முடிவு தெரியுமல்லவா, அதற்கே விலை வைத்தார்கள். கி.மு. 54ஆம் ஆண்டு கான்சல் தேர்தலில், முதலில் வாக்களிக்கும் ஒரே ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு கோடி செஸ்டர்ஸ் நாணயம் வரை பேசப்படுவதாக, அரசியல்வாதியும் வழக்குரைஞருமான சிசரோ தம் தம்பிக்கு எழுதினார். தேர்தலுக்கு வாங்கிய கடனால் ரோமில் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 4இலிருந்து 8 ஆனது. வேட்பாளர்கள் நால்வர்மீதும் வழக்கு. அடுத்த ஆண்டு பாதிவரை கான்சலே இல்லை.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. கி.மு. 67இல் ஒரு சட்டம்: லஞ்சம் கொடுத்தவருக்கு அபராதம், மேட்டுக்குடியினரின் ஆலோசனை மன்றமான செனட்டிலிருந்து நீக்கம், இனிப் பதவி கிடையாது. கி.மு. 63இல் சிசரோவே கொண்டுவந்தது இன்னொன்று: பத்தாண்டு நாடுகடத்தல், தேர்தலுக்கு முந்தைய இரண்டாண்டில் வாள்வீரர் காட்சி நடத்தத் தடை. அவையெல்லாம் ஏன் பலிக்கவில்லை? தண்டனை கூடிக்கொண்டே போனது, பிடிபடும் வாய்ப்புக் கூடவில்லை. வழக்குத் தொடர அரசுத் தரப்பு வழக்குரைஞர் என்று ஒருவர் இல்லை. பெரும்பாலும் தோற்ற எதிராளிதான் தொடர்வார், அவர் கையும் சுத்தமாக இருக்காது. அதைவிட முக்கியம், வென்றவருக்குக் கிடைக்கப்போகும் வருமானத்தை யாரும் தொடவில்லை. கான்சல் பதவி முடிந்ததும் ஆள ஒரு மாகாணம் கிடைக்கும். செலவழித்ததை அங்கே எடுத்துவிடலாம். வாங்குபவரைப் பிடிப்பதாலும் கொடுப்பவரைப் பிடிப்பதாலும் மட்டும் இது நிற்காது, போட்ட முதலைத் திரும்ப எடுக்கும் இடத்தை அடைக்கவேண்டும். இன்று வாக்குக்குப் பணம் என்ற பேச்சு வரும்போது டெண்டர், மணல், நிலமாற்றம் பற்றியும் சேர்த்துப் பேசவேண்டியது இதனால்தான்.

மூன்று சந்தை நாள்

ஒரு மசோதாவை அறிவித்த பிறகு மூன்று சந்தைகள் கடக்கவேண்டும், அதாவது குறைந்தது 17 நாள், அதன்பிறகுதான் வாக்கெடுப்பு. எட்டு நாளுக்கு ஒருமுறை கூடிய சந்தைக்குக் கிராமத்து விவசாயிகள் வருவார்கள். 35 டிரிபுகளில் 31 கிராமப்புறத்தவை. செய்தி அவர்களுக்குப் போய்ச் சேர, பேசித் தீர்க்க, வாக்களிக்க வர என்று கணக்கிட்ட கால அளவு இது. இடையில் விளக்கக் கூட்டங்கள் நடக்கும். அவற்றில் பேச்சு மட்டும்தான், வாக்கெடுப்பு இல்லை.

கி.மு. 98இல் ஒரு சட்டம் இந்த அவகாசத்தை வலியுறுத்தியதோடு கதம்ப மசோதாவையும் தடைசெய்தது. மக்களுக்குப் பிடித்த ஒன்றோடு பிடிக்காத ஒன்றைக் கட்டிவைத்து, இரண்டையும் சேர்த்து ஏற்றுக்கொள் அல்லது தள்ளு என்று கேட்கக்கூடாது. கி.மு. 62இல் இன்னொரு சட்டம்: மசோதாவின் பிரதியைச் சனிக்கடவுள் கோவிலில் இருந்த கருவூலத்தில் சாட்சிகள் முன் ஒப்படைக்கவேண்டும். அறிவித்த வாசகத்துக்கும் வாக்குக்கு வந்த வாசகத்துக்கும் இடையே கைவரிசை காட்டியவர்கள் இருந்ததால்தான் இது தேவைப்பட்டது. ஒரு மசோதா, ஒரு பொருள் என்ற விதி இன்று அமெரிக்காவின் பல மாநில அரசியலமைப்புகளில் இருக்கிறது.

இதை நாடாளுமன்ற அளவில் மட்டும் பார்க்கவேண்டாம். குடியிருப்போர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், கோவில் அறக்கட்டளை எதுவானாலும் துணைவிதி எழுதுபவர் மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நோட்டீஸ் நாள்களை, உறுப்பினர்கள் உண்மையில் கூடுகிற நாள்களைப் பார்த்து வையுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் மாதக் கடைசியில்தான் வருவார்கள் என்றால் ஏழு நாள் நோட்டீஸ் அவர்களை வெளியே தள்ளிவிடும். சந்தா உயர்வையும் நிர்வாகக் குழுவின் பதவி நீட்டிப்பையும் ஒரே தீர்மானமாக வைக்காதீர்கள். தீர்மானத்தின் வாசகத்தை நோட்டீஸ் போகும் நாளிலேயே பொறுப்பாளர் அல்லாத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். நிகழ்ச்சிநிரலின் கடைசியில் வரும் 'தலைவர் அனுமதிக்கும் இதர பொருள்கள்' என்ற வரி கதம்பம் நுழையும் வாசல். பணமும் பதவியும் சம்பந்தப்பட்ட எதையும் அதன்கீழ் தீர்மானிக்கக்கூடாது என்று எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

கணக்குக் கேட்பது

பதவியில் இருக்கும்போது கான்சல்மீது வழக்குப் போட முடியாது. இறங்கிய மறுநாள் போடலாம். மாகாணக் கொள்ளைக்கென்று கி.மு. 149இல் முதல் நிரந்தர நீதிமன்றம் அமைந்தது. அதில் விசாரிக்கப்பட்டவர்களும் செனட்டர்கள், நடுவர்களும் செனட்டர்கள். கயஸ் கிராக்கஸின் சட்டம் அதை உடைத்தது. நடுவர் பட்டியலில் 450 பேர், செனட்டர்களுக்கும் அவர்களுடைய தந்தை, சகோதரர், மகன்களுக்கும் இடமில்லை. குற்றம் நிரூபிக்கப்பட்டால் எடுத்ததைப்போல் இரண்டு மடங்கு திருப்பித்தர வேண்டும். கி.மு. 81இல் படைபலத்தால் ஆட்சியைப் பிடித்த சுல்லா நடுவர் இடங்களை மீண்டும் செனட்டர்களிடமே கொடுத்தார்.

அந்த நிலையில்தான் கி.மு. 70இல் வெர்ரஸ் வழக்கு வந்தது. சிசிலியை மூன்று ஆண்டு ஆண்டவர். முதலாண்டு வருமானம் எனக்கு, இரண்டாமாண்டு வழக்குரைஞர்களுக்கு, மூன்றாமாண்டு நடுவர்களுக்கு என்று அவர் சொல்லித் திரிந்ததாகச் சிசரோ குற்றம்சாட்டினார். சாட்சியம் திரட்டச் சிசரோ 110 நாள் கேட்டார். உடனே வெர்ரஸ் தரப்பு இன்னொரு மாகாண வழக்குக்கு 108 நாள் கேட்க ஓர் ஆளை நிறுத்தியது; அந்த வழக்கு முன்னால் வந்துவிடும் என்பது திட்டம். சிசரோ 50 நாளில் சிசிலியைச் சுற்றிவிட்டுத் திரும்பினார். விசாரணை ஆகஸ்ட் 5இல் தொடங்கியது. பத்து நாளில் திருவிழா விடுமுறைகள் வரும். இழுத்தடித்தால் ஆண்டு முடியும். ஜனவரி முதல் வெர்ரஸின் வழக்குரைஞர் ஹார்ட்டென்சியஸே கான்சல், நீதிமன்றத் தலைவரும் வெர்ரஸுக்கு வேண்டியவர். சிசரோ வழக்கமான நீண்ட தொடக்கவுரையை விட்டுவிட்டு நேராகச் சாட்சிகளை ஏற்றினார். ஒன்பது நாள். வெர்ரஸ் தீர்ப்புக்குக் காத்திராமல் நாட்டைவிட்டுப் போய்விட்டார்.

இந்த வழக்கில் பேச்சுத்திறனைப் பாராட்டுபவர்கள் பலர். நான் பார்ப்பது நாள்கணக்கை. பெரிய மனிதரைத் தப்பவைப்பது தீர்ப்பைவிட வாய்தாதான் என்று இருதரப்பும் அறிந்திருந்தன. அதே ஆண்டிலேயே நடுவர் இடங்கள் செனட்டர்களுக்கும் வேறு இரண்டு பிரிவினருக்கும் மூன்றில் ஒரு பங்காகப் பிரிக்கப்பட்டன. கி.மு. 59இல் சீசர் கொண்டுவந்த ஜூலியச் சட்டம், ஆளுநரின் கணக்கை மூன்று பிரதியாக்கச் சொன்னது: இரண்டு மாகாணத்து நகரங்களில், ஒன்று ரோமக் கருவூலத்தில். பணம் யாரிடம் வசூலானதோ அவர்கள் ஊரிலேயே கணக்கு இருக்கவேண்டும் என்பது எளிய யோசனை, ஆனால் ஆழமானது.

நெருக்கடி வரும்போது

ரோமர்களின் அமைப்பில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது சர்வாதிகாரி என்ற பதவி. அன்று அது வசைச்சொல் அல்ல. நெருக்கடியில் கான்சல் ஒருவரை நியமிப்பார். தம்மையே நியமித்துக்கொள்ள வழக்கம் இடம் தரவில்லை. எந்த வேலைக்கு என்று நியமனத்திலேயே சொல்லப்படும்: போரை நடத்த, அல்லது தேர்தலை நடத்த. அதிகபட்சம் ஆறு மாதம். வேலை முடிந்தால் அதற்கு முன்பே இறங்கவேண்டும். கி.மு. 458இல் சின்சினாட்டஸ் பதினாறாம் நாளில் பதவி துறந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். முந்நூறு ஆண்டுகளாக இந்த ஏற்பாடு ஒருமுறைகூடக் கொடுங்கோலனைத் தரவில்லை. நியமிப்பவர் ஒருவர், ஆள்பவர் இன்னொருவர், முடிவை நாள்காட்டி தீர்மானிக்கும்; நெருக்கடி தீர்ந்ததா என்று ஆள்பவரையே கேட்கத் தேவையில்லை.

கி.மு. 202க்குப் பிறகு, கி.மு. 82இல் சுல்லா கால வரம்பின்றி அதை எடுத்துக்கொள்ளும்வரை, அந்தப் பதவியை யாரும் பயன்படுத்தவில்லை. அதன் இடத்துக்கு கி.மு. 121இல் வேறொன்று வந்தது: 'குடியரசுக்குத் தீங்கு வராமல் கான்சல்கள் பார்த்துக்கொள்ளட்டும்' என்ற செனட் தீர்மானம். எந்த அதிகாரம் என்று அதில் இல்லை. எத்தனை நாள் என்று இல்லை. எந்தச் சட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று இல்லை. கான்சல் ஒபிமியஸ் அதை வைத்துக்கொண்டு கயஸ் கிராக்கஸின் ஆதரவாளர்களை வேட்டையாடினார். மூவாயிரம் பேர் மாண்டதாகப் புளுடார்க். மறுவருடம் அவர்மீது வழக்கு; விடுதலை. அன்றுமுதல் அது முன்னுதாரணம்.

கி.மு. 63 டிசம்பர் 5இல், ஆட்சியைக் கவிழ்க்கக் கட்டிலினா தீட்டிய சதியில் பிடிபட்ட ஐவரைக் கான்சல் சிசரோ விசாரணையின்றிக் கொன்றார். கெட்ட முன்னுதாரணங்கள் எல்லாம் நல்ல காரணத்தில்தான் தொடங்கின என்று அன்று சீசர் எச்சரித்ததாக சல்லுஸ்ட் எழுதுகிறார். ஐந்தாண்டுக்குள், குடிமகனை விசாரணையின்றிக் கொன்றவரை நாடுகடத்தும் சட்டத்தை டிரிப்யூன் க்ளோடியஸ் கொண்டுவந்தார். சிசரோ நாட்டைவிட்டுப் போனார். சட்டத்தின் ஆட்சியைப் பற்றி ரோமில் மிக நன்றாக எழுதியவர், ஒரு நாள் விதிவிலக்கால் அந்த ஆட்சியில் விழுந்த ஓட்டைகளில் ஒன்றுக்குத் தாமே காரணமானார்.

ஆறு மாதம் என்ற எல்லைக்கும் எல்லையின்மைக்கும் உள்ள வித்தியாசத்தை இருபதாம் நூற்றாண்டும் விலைகொடுத்துத்தான் கற்றது. ஜெர்மனியின் வைமார் அரசியலமைப்பில் அவசர அதிகாரம் தரும் 48ஆம் பிரிவுக்குக் கால வரம்பில்லை. 1933 பிப்ரவரி 28இல் அதன்கீழ் வந்த அவசர ஆணை நாஜி ஆட்சி விழும்வரை நீங்கவில்லை. இந்தியாவில் 1975–77 நெருக்கடி நிலைக்குப் பிறகு 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்ற ஒப்புதல், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய ஒப்புதல் என்று கட்டியது. தென்னாப்பிரிக்கா இன்னும் கவனமாகச் செய்தது. முதலில் 21 நாள். நீட்டிப்பு ஒவ்வொன்றும் மூன்று மாதத்துக்கு மேல் போகாது. முதல் நீட்டிப்புக்குச் சாதாரணப் பெரும்பான்மை, அடுத்தவற்றுக்கு 60 சதவீதம். நெருக்கடி நீள நீள அதை நீட்டிப்பது கடினமாகவேண்டும் என்ற கணக்கு இது. சங்கமொன்றில் 'தற்காலிக நிர்வாகக் குழு' அமைப்பவர்களுக்கும் இதே விதிதான்: பணியைச் சொல்லுங்கள், தேதியைப் போடுங்கள், அந்தத் தேதியில் யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் குழு கலைந்துவிடும் என்று எழுதுங்கள்.

தடுக்கும் உரிமை தேயும் விதம்

கி.மு. 133இல் பொதுநிலத்தை ஒருவர் 500 யூகெரம், அதாவது சுமார் 300 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்ற பழைய வரம்பை உயிர்ப்பிக்க டிரிப்யூன் திபேரியஸ் கிராக்கஸ் மசோதா கொண்டுவந்தார். சக டிரிப்யூன் ஆக்டேவியஸ் தடுத்தார். சாமானியரைக் காக்கப் பிறந்த தடையுரிமை பெருநிலக்காரர்களைக் காக்க வந்தது. திபேரியஸ் ஆக்டேவியஸைப் பதவிநீக்க வாக்கெடுப்பு வைத்தார். 35இல் 17 டிரிபுகள் வாக்களித்ததும் நிறுத்தி, விட்டுக்கொடு என்று மன்றாடினார். ஆக்டேவியஸ் அசையவில்லை. 18ஆவது விழுந்தது. சில மாதங்களில் திபேரியஸ் அடித்துக் கொல்லப்பட்டார்.

இருவரில் யார் சரி? சட்டப்படி ஆக்டேவியஸ், நியாயப்படி திபேரியஸ் என்றே நான் சொல்வேன். தடையுரிமைக்கு முடிவு எதுவென்று ரோமர்கள் எழுதிவைக்கவில்லை. தடுத்தவர் இறுதியில் விட்டுக்கொடுப்பார் என்ற வழக்கத்தை நம்பினார்கள். கி.மு. 59இல் கான்சல் பிபுலஸ், சக கான்சல் சீசரின் மசோதாக்களைத் தடுக்க வானத்தில் சகுனம் பார்ப்பதாக அறிவித்து, ஆண்டு முடியும்வரை வீட்டுக்குள்ளேயே இருந்தார். சீசர் பொருட்படுத்தவில்லை. எல்லாவற்றுக்கும் நீட்டப்பட்ட தடையை மதிக்க ஆளில்லாமல் போனது. தடுப்பவர் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், தடை இத்தனை நாளைக்கு, அதன்பின் பெரும்பான்மை மீண்டும் முடிவெடுக்கலாம் என்று வரம்பிட்டிருந்தால், தடையும் உயிரோடு இருந்திருக்கும், வாக்கும் உயிரோடு இருந்திருக்கும்.

ரோமிடமிருந்து எடுக்கக்கூடாதவையும் உண்டு. பெண்களுக்கு வாக்கில்லை, அடிமைகள் மனிதராகவே எண்ணப்படவில்லை. கான்சலைத் தேர்ந்தெடுத்த மன்றத்தில் 193 குழுக்கள். குதிரைப்படையினரும் முதல்வகுப்புச் செல்வந்தர்களும் தச்சர் குழு ஒன்றும் சேர்ந்தால் 89, இன்னும் எட்டுக் கிடைத்தால் பெரும்பான்மை. அத்தோடு வாக்கெடுப்பு நின்றுவிடும். சொத்தில்லாதவர் அனைவருக்கும் ஒரே குழு, அதுவும் கடைசியில். எண்ணிக்கையில் மிகுந்தவர்களிடம் பெரும் அதிகாரம் சேரக்கூடாது என்று சிசரோ இதைப் புகழ்ந்தார். அங்கே அவர் சொன்னது தவறு. மேலே சொன்ன நடைமுறைகள் சரிந்தபோது அவற்றைக் காக்க ஏழைகள் ஏன் திரளவில்லை என்பதற்கு விடையும் அங்கேதான் இருக்கிறது.

குடியரசுக்குப் பின் வந்த முதல் பேரரசர் அகஸ்டஸ் எந்தப் பதவியையும் ஒழிக்கவில்லை. கான்சல்கள் இரண்டு பேர், ஆண்டுதோறும். டிரிப்யூன்கள் பத்துப் பேர். கி.மு. 23இல் அவர் டிரிப்யூன் பதவியை ஏற்காமலேயே அதன் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். இறக்கும்போது அது 37ஆம் ஆண்டு. செனட் நடவடிக்கைகளை கி.மு. 59 முதல் வெளியிட்டுவந்த வழக்கத்தை நிறுத்தினார். வாக்களிப்புக்கென்று சீசர் திட்டமிட்ட பளிங்கு வளாகம் கி.மு. 26இல் முடிந்தது, வாக்கு எண்ணும் கூடம் கி.மு. 7இல். கி.பி. 14இல் அவருக்குப் பின் வந்த பேரரசர் திபேரியஸ் தேர்தல்களை அங்கிருந்து செனட்டுக்கு மாற்றினார். மக்கள் கொஞ்சம் முணுமுணுத்ததோடு சரி என்று டாசிடஸ் எழுதுகிறார். காசு கொடுத்து வாக்குக் கெஞ்சும் தொல்லை தீர்ந்ததென்று செனட்டர்களுக்கு மகிழ்ச்சி. பளிங்கு வளாகத்தில் வாள்வீரர் காட்சிகள் நடந்தன.